நக்கிள்ஸ் காட்டுக்கு எந்த ஜிபிஎஸ்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து நாங்கள் கொஞ்சப் பெடியள் பங்குனியில கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்காட்டில ரெண்டு இரவு கூடாரம் அடிச்சு நிக்கப் போறம். வழிகாட்டி ஒராள் வாறார், எண்டாலும் கையில சொந்தமா ஒரு ஜிபிஎஸ் வேணும்.

இவ்வளவு நாளும் போன்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆப்லைனா இறக்கி, பிளைட் மோட்ல போட்டு, பவர் பாங்கும் கொண்டு போய்ப் பாத்தாச்சு, சார்ஜ் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம் ஆனா மழை தூறினா டச் வேலை செய்யாது, அடர் காட்டுக்குள்ள ட்ராக் வளைஞ்சு வளைஞ்சு கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. நில அளவைத் திணைக்கள 1:50,000 வரைபடமும் வாங்கினம், அதின்ர கட்டம் போன் காட்டுற டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பாவிக்கிற உலகப் பொது ஆள்கூற்று முறை) ஓட பொருந்தாது.

டவுன் கடையளில கேட்டால் கைக்கடிகாரத்தைத்தான் காட்டுறாங்கள். கனடாவில இருந்து தையில மாமா வாறார், அவரிட்டச் சொல்லி எடுக்கலாம். கார்மின் கம்பனியின்ர கையடக்க ஜிபிஎஸ்ல ஜிபிஎஸ்மேப் 67 எங்கட காசுக்குச் சரிவராது. மிச்சம் கார்மின் ஈட்ரெக்ஸ் ரெண்டு: 32எக்ஸ்ல கலர் மேப் ஏத்தலாம், உயரம் பாக்க பரோமீட்டர் இருக்கு, ஆனா பற்றரி 25 மணித்தியாலம்தான். எஸ்இ 168 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு, ஐரோப்பாக்காரற்ற கலிலியோ செய்மதியளையும் பிடிக்கும், ஆனா கறுப்பு வெள்ளைத் திரை, மேப்பே இல்லை. ரெண்டும் டபுள் ஏ பற்றரி எண்டபடியா அது பிரச்சினை இல்லை, ஊர்க்கடையிலயும் வாங்கலாம்.

ஈரமான அடர் காட்டுக்குள்ள பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ, மாமாவிட்ட 32எக்ஸ் சொல்லவோ எஸ்இ சொல்லவோ?