கொள்ளையர் கடலில் சண்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? உங்கள் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டை) அனுபவங்கள்

சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளையர் ஆன்லைன் கேமில் நானும் தங்கச்சியும் ஸ்லூப் என்ற சின்னக் கப்பலில்தான் போவோம். புதையல் தோண்டுவது, மீன் பிடிப்பது, புயலில் சுக்கானோடு மல்லுக்கட்டுவது, இவைதான் அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் பெட்டிகளை விற்க அவுட்போஸ்டை (சரக்கு விற்கும் தீவு) நெருங்கியபோது, நான்கு பேர் ஓட்டும் கேலியன் என்ற பெரிய கப்பல் ஒன்று பக்கவாட்டில் வந்து அடித்தது. சரி, கொள்ளையர் விளையாட்டு, சரக்கு போனால் போகட்டும். ஆனால் சரக்கை எடுத்த பிறகும் அவர்கள் விடவில்லை. எங்கள் கப்பலை வேண்டுமென்றே மூழ்கவிடாமல் வைத்துக்கொண்டு, நாங்கள் உயிர்பெற்று வரும்போதெல்லாம் கொன்றார்கள். மைக்கில் பெண் குரல் கேட்டதும் பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் மெனுவுக்குப் போய் நாங்களே கப்பலை மூழ்கடித்தோம். தங்கச்சி அதோடு விளையாடுவதை நிறுத்திவிட்டாள்.

2023 டிசம்பரில் சேஃபர் சீஸ் என்ற தனி மோட் வந்த பிறகுதான் திரும்பி வந்தாள். அதில் நம் க்ரூவை (நம் கப்பல் ஆட்களை) தவிர வேறு யாரும் கிடையாது. அந்த மோட் வந்தபோது அதில் கிடைத்த தங்கமும், லெவல் ஏற்றும் நன்மதிப்புப் புள்ளிகளும் வழக்கமானதில் 30 சதவீதம்தான், புதையலை வாங்கும் வணிகக் கம்பெனிகளில் 40ஆம் லெவலுக்கு மேல் ஏற முடியாமல் இருந்தது. தங்கம் குறைவதை ஏற்கிறேன், ஆபத்து குறைவு. லெவலுக்கு ஏன் பூட்டு போட்டார்கள்? அவள் ஏறினால் யாருக்கு நஷ்டம்?

பதில்:
அண்ணா, தங்கச்சிக்கு நடந்தது சண்டையே இல்லை, வம்பு. ஆனால் எல்லா கேமிலும் இந்த வசதி கேட்க முடியாது. நான் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில் தாது வெட்டுபவன். ஹை-செக் என்ற பாதுகாப்பு அதிகமான பகுதியில் இருந்தபோதே என் பார்ஜை (தாது வெட்டும் கப்பல்) மலிவான கேட்டலிஸ்ட் போர்க்கப்பல்களில் வந்து உடைத்தார்கள். கேமின் போலீஸ் படையான கான்கார்ட் வந்து அவர்களையும் அழித்தது, ஆனால் அது தண்டிக்க வரும், காப்பாற்ற வராது. வயிறு எரிந்தது. அப்புறம் யோசித்தால், அங்கே கப்பல்கள் உடைவதால்தான் புதிதாகக் கட்ட என் தாதுவை வாங்குகிறார்கள். எல்லோரும் சண்டையை அணைத்து வைத்தால் எனக்கே பிழைப்பு இல்லை. அந்த ஆபத்துக்காகத்தான் இன்னும் அங்கே இருக்கிறேன்.

இன்னொரு பதில்:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 2018-இல் வார் மோட் வந்தது, மற்ற ஆட்டக்காரர்களோடு சண்டை வேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி. அதற்கு முன் எதிரணி ஆட்டக்காரர்கள் நம்மைத் தாக்கக்கூடிய பிவிபி சர்வரில் இருந்தேன். குவெஸ்ட் (கேம் தரும் பணி) செய்யும் பகுதியில் உச்ச லெவல் ஆள் ஒருவன் என் பிணத்தருகே காத்திருந்தே ஒரு சாயங்காலத்தைக் கெடுத்திருக்கிறான். இப்போது தலைநகரங்களான ஸ்டார்ம்விண்டுக்கோ ஆர்கிரிமாருக்கோ போய் வார் மோடை நாமே போடலாம், அணைக்கலாம். போட்டவருக்குக் கூடுதல் அனுபவப் புள்ளிகள் உண்டு, போடாதவருக்குக் கதை எதுவும் அடைபடாது. ப்ரோ, உங்கள் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும். நான் நண்பர்களோடு இருந்தால் போடுவேன், தனியாக இருந்தால் அணைத்துவிடுவேன்.