லைற் போட்டும் கறிவேப்பிலை கொட்டுகிறது, அவசர உதவி தேவை

மழைத்துளி:
வணக்கம். இரண்டு வருடமாக நன்றாக இருந்த கறிவேப்பிலைக் கன்று, போன மாதம் வீட்டுக்குள் எடுத்த பிறகு மஞ்சளாகிக் கொட்டுகிறது. இன்று காலை கை பட்டதும் ஒரு ஈர்க்கு முழுக்க உதிர்ந்துவிட்டது. லைற் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், தண்ணீரும் ஒழுங்காக ஊற்றுகிறேன். அம்மா தந்த கன்று, சாக விட மனமில்லை. கெதியாகச் சொல்லுங்கோ.

கோவை மாடி:
இரும்புச்சத்துக் குறைவு. புளித்த மோர் ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். பதினைந்து நாளில் கரும்பச்சையாகத் துளிர்க்கும். எங்கள் மாடியில் பல வருடமாக மோர் மட்டும்தான்.

நெல்லைக்காரி:
எதுக்கு உள்ளே எடுத்தீங்க? நாலு நாள் வெயிலில் வைத்தாலே சரியாகிவிடுமே. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலந்திப்பேன் வந்தாலும் இப்படித்தான் கொட்டும்.

வேர்முடிச்சு:
கேள்வி கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று பல முறை எழுதியாகிவிட்டது. யாரும் படிப்பதில்லை. எந்த ஊர்? என்ன விளக்கு, எத்தனை வாட், இலைக்கு எவ்வளவு மேலே, தினம் எத்தனை மணி நேரம்? முதலில் மஞ்சளாவது கொழுந்தா, அடி இலையா? அளக்கப் பழகாமல் செடி வளர்க்க இறங்கக் கூடாது.

மழைத்துளி:
மன்னிக்கவும். ரொறன்ரோ. பேஸ்மென்ற் வீடு. 60 வாட்ஸ் எல்இடி, சீலிங்கில் இருக்கு.

நெல்லைக்காரி:
அடடா, கனடாவா! நம்ம ஊர் என்றே நினைத்துவிட்டேன். வெயிலில் வைக்கச் சொன்னதை விட்டுவிடுங்க.

மிசிசாகா அண்ணா:
தங்கச்சி, பயப்படாதைங்கோ. எனக்கும் முதல் பனிக்காலத்தில் இதேதான் நடந்தது, மொட்டைக் குச்சிதான் மிஞ்சியது. ஆனால் பிழைத்தது.

முதலில் அந்த 60 வாட்ஸ். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பழைய குண்டு பல்புக்கு ஈடான கணக்கு. உண்மையில் அது 9 வாட் அளவில்தான் எரியும், சுமார் 800 லூமென் வெளிச்சம் தரும். சீலிங்கிலிருந்து இலைக்கு வரும்போது அதிலும் கொஞ்சம்தான் மிஞ்சும். நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும், அதனால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அது இரவு மாதிரி. போனில் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு இலை பக்கத்தில் பிடியுங்கோ. துல்லியமாக இராது, ஆனாலும் நிலைமை புரியும். உச்சி வெயிலில் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். நான் பனிக்காலத்தில் 10,000 லக்ஸாவது, 14 மணி நேரம் கொடுக்கிறேன். கராஜில் போடுகிற நாலடி எல்இடி லைற் இரண்டை இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். விலை கூடிய ஊதா லைற் தேவையில்லை, வெள்ளையே போதும். ரைமர் போட்டு இரவில் அணைத்துவிடுங்கோ.

அடுத்தது, சாடி சீமெந்துத் தரையிலா இருக்கு? வேர் குளிர்ந்தால் தண்ணீரை இழுக்காது. நீங்கள் ஒழுங்காக ஊற்றுகிற தண்ணீர் அப்படியே நின்று வேரை அழுக வைக்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கோ.

கோவை மாடி:
விளக்கு எல்லாம் சரி. மோர் ஊற்றினால் கெட்டுவிடாது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்வது.

மிசிசாகா அண்ணா:
ஐயா, மூடிய வீட்டில் புளித்த மோர் ஊற்றினால் வீடே மணக்கும், ஈர மண்ணில் சின்னக் கறுப்பு ஈயும் பெருகும். ஊரில் வெயிலும் காற்றும் இருக்கு, இங்கே இல்லை.

வேர்முடிச்சு:
மோரின் புளிப்பு, சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பைக் கரைத்துக் கொடுக்க உதவலாம். அங்கே கடையில் விற்கும் பீட் (மக்கிய பாசி) கலவை ஏற்கனவே புளிப்புத் தன்மை உள்ளது. மேலும், இரும்பு குறைந்தால் கொழுந்து இலைதான் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்காகத்தான் எந்த இலை என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

கோவை மாடி:
எல்லாவற்றையும் புத்தகத்தில் பார்த்துச் சொல்லாதீர்கள். என் மாடிக்கு வந்து பாருங்கள், கறிவேப்பிலை ஆள் உயரம் நிற்கிறது.

நெல்லைக்காரி:
உங்க மாடியில் நிற்பது கோயம்புத்தூர் வெயிலில் நிற்கிறது சார். அவங்க கேட்டது வேற.

மழைத்துளி:
அளந்தேன், 140 லக்ஸ். அடி இலைதான் முதலில் விழுந்தது. நூலாம்படை இல்லை. சாடி தரையில்தான் இருந்தது, ஸ்ரூலில் தூக்கி வைத்துவிட்டேன். லைற் வாங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வேர்முடிச்சு:
140. இதைத்தான் முதல் நாளே கேட்டேன்.

மழைத்துளி (ஆறு வாரம் கழித்து):
மூன்று துளிர் வந்திருக்கு. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

மிசிசாகா அண்ணா:
சந்தோஷம் தங்கச்சி. குழம்புக்கு அதைக் கிள்ளிவிடாதைங்கோ, பத்து ஈர்க்காவது வரட்டும். மே கடைசியில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாதபோது வெளியே எடுங்கோ. முதல் வாரம் நிழலில் வையுங்கோ, எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் இந்தப் புது இலை கருகிவிடும்.