தேளியின் ‘காற்றுப்பை’: ஒரு மறுப்பும் ஒரு மாற்றுச் சொல்லும்

அன்புள்ள அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

தேளி மீன் செவுள்களோடு காற்றிலிருந்தும் மூச்சு விட உதவும் துணைச் சுவாச உறுப்பைக் ‘காற்றுப்பை’ என்று அழைக்கலாம் என முந்தைய மடலில் வந்த பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். சொல் எளிமையானது, சொல்லிப் பார்க்கவும் இதமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் அதே மீனின் உடலுக்குள் இருக்கும் வேறோர் உறுப்புக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது.

மீன் மிதப்பதற்கு உதவும் பையைத்தான் நம் விலங்கியல் நூல்கள் காற்றுப்பை என்று எழுதி வந்திருக்கின்றன. தேளிக்கு அதுவும் உண்டு. மிகச் சிறுத்து, முதுகெலும்பின் முன்பகுதியில் எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் அந்தப் பை, சிறு எலும்புத் துண்டுகளின் வழியே உட்செவியோடு தொடர்புகொண்டு, ஒலி அதிர்வுகளை உணர்வதற்கு உதவுகிறது. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் உறுப்போ செவுளறையிலிருந்து கிளம்பி, முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள் புகுந்து, வாலின் பக்கம் வரை நீளும் ஒரு சோடிக் குழாய் வடிவப் பைகள். ஒன்று கேட்பதற்கு, மற்றொன்று மூச்சு விடுவதற்கு. இரண்டையும் காற்றுப்பை என்று எழுதிவிட்டால், படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டிய மாணவர் என்ன செய்வார்?

இந்த உறுப்பின் வேலையைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உயிர்மீன் விற்கும் சந்தையில் ஓர் அலுமினிய அண்டாவின் அருகே பத்து நிமிடம் நின்றால் போதும். முதுகு நனையும் அளவு தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தேளிகளில் ஏதேனும் ஒன்று திடீரென்று செங்குத்தாக எழும். நான்கு சோடி மீசைகளும் விரிய, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டு உடனே கீழே போய்விடும். பழைய காற்று குமிழிகளாகச் செவுள் மூடியின் ஓரத்தில் வெளியேறும். கெண்டையாக இருந்தால் அந்தத் தண்ணீரில் சிறிது நேரத்தில் மல்லாந்திருக்கும். நான் கேட்ட மீன்கார அம்மாள் இதை “மூச்சு வாங்குது” என்றுதான் சொன்னார். உறுப்புக்கு அவரிடம் தனிப்பெயர் இல்லை. இருந்திருந்தால் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன். வழக்கில் சொல் இருக்கும்போது புதிதாகப் படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. (அவர் மீனை எடுக்கும்போது மார்புத் துடுப்பின் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. அந்த முள்ளில்தான் நஞ்சு இருக்கிறது. தேள்போலக் கொட்டுவதால் தேளி.)

அறிவியல் பெயர்களின் வரலாறும் இங்கே துணைக்கு வருகிறது. இந்த மீனை 1794-இல் முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்த ஜெர்மானியர் மார்கஸ் பிளாக்குக்கு அது நம் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்தது. அவர் இட்ட ‘ஃபாஸிலிஸ்’ என்ற சிற்றினப் பெயருக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்று பொருள்; வற்றும் குளத்தின் சேற்றுக்குள் கிடந்து பிழைக்கும் மீனுக்குப் பொருத்தமான பெயர்தான். இன்று வழங்கும் பேரினப் பெயர் ‘ஹெட்டிரோப்நியூஸ்டெஸ்’, அதாவது வேறு வகையாக மூச்சு விடுவது. ஆனால் பழைய நூல்களில் இதே மீன் ‘சாக்கோபிராங்கஸ்’ என்ற பேரினப் பெயரில் காணப்படுகிறது. கிரேக்கத்தில் அதன் முதற்பகுதி பை, பிற்பகுதி செவுள். உறுப்பின் பிறப்பை அந்தப் பெயர் நேராகச் சொல்லிவிடுகிறது: பையின் உட்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய குருதிநாளப் படலம் செவுள் இழைகளின் மாற்றுருவே, கடைசிச் செவுள் வளைவுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியே இந்தப் பைக்கும் நீள்கிறது.

ஆகவே ‘செவுள்பை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

புணர்ச்சி விதிப்படி ‘செவுட்பை’ என்றுதானே வர வேண்டும் என்று புலவர் பெருமக்கள் கேட்பார்கள். முள்ளும் புதரும் சேர்ந்தால் முட்புதர் என்பதை நானும் அறிவேன். ஆனால் பேச்சு வழக்கில் காது கேளாதவரைச் செவுடு என்கிறோம். ‘செவுட்பை’ என்று படித்தவுடன் பலருக்கு அந்த நினைவுதான் எழும். அதிலும் இதே மீனில் கேட்பதற்கு உதவும் பை ஒன்று தனியே இருக்கும்போது இந்த மயக்கத்தை நாமே உண்டாக்க வேண்டுமா? சொல்லின் இரு உறுப்புகளும் பிரிந்து தெரிவது மாணவருக்கு நல்லது. இந்த ஓரிடத்தில் இலக்கணம் சற்று விட்டுக்கொடுக்கட்டும்.

வட இந்தியாவில் மாகுர் எனப்படும் கிளாரியஸ் இனக் கெளுத்திக்கும் இந்த முறையே ஒத்து வரும். அதில் பை நீள்வதில்லை. செவுள்களுக்கு மேலுள்ள அறைக்குள், இரண்டாம், நான்காம் செவுள் வளைவுகளிலிருந்து மரம்போலக் கிளைத்த செந்நிற உறுப்புகள் முளைத்திருக்கும். ‘செவுள்கிளை’ என்று சொல்லலாம். ‘செவுள்மரம்’ என்றும் யோசித்தேன். அதைப் புணர்த்திச் ‘செவுண்மரம்’ ஆக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் கைவிட்டேன். நம் ஊரில் தடையை மீறி வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கிளாரியஸ் பேரினமே. அதைச் சிலர் ‘ஆப்பிரிக்கத் தேளி’ என்று எழுதுவது தவறு என்பதை விளக்கவும் இந்த இரு சொற்கள் உதவும்: தேளிக்கு இருப்பது செவுள்பை, அதற்கு இருப்பது செவுள்கிளை.

வளிச்சுவாசத்தின், அதாவது மீன்கள் காற்றைச் சுவாசிப்பதன், வகைகளைப் பற்றி ஒரு சொல். தேவைப்படும்போது மட்டும் காற்றைச் சுவாசிப்பதற்கு ‘விருப்ப வளிச்சுவாசம்’ என்ற பரிந்துரையை மாற்ற வேண்டுகிறேன். மீன் விரும்பி மேலே வருவதில்லை, நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்தால் வருகிறது. ‘தேவைசார் வளிச்சுவாசம்’ என்பது பொருந்தும். மேலே வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும் வரால் போன்றவற்றுக்குக் ‘கட்டாய வளிச்சுவாசம்’ என்பதில் மறுப்பில்லை.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு இது:

செவுள்பை (பெயர்): தேளி மீனில் செவுளறையின் நீட்சியாக முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள் பின்னோக்கிச் செல்லும், காற்றிலிருந்து உயிர்வளியைப் பெறும் குழாய் வடிவப் பை. காற்றுப்பையினின்று வேறானது.

அன்புடன்.