அப்பா சொத்துக்கு அண்ணன்தான் நிர்வாகி, கடையை வாங்குவதும் அவரேதான். அவரை மாற்ற முடியுமா?

கிளமெண்டி_தங்கச்சி

வணக்கம். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அம்மா, அப்பா இருவர் பெயரிலும் கூட்டாக இருந்ததால் அம்மாவுக்கு வந்துவிட்டது, அதில் தகராறு இல்லை. பிரச்சினை இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள கடைவீடு. அது அப்பாவின் தனிப் பெயரில் இருக்கிறது. கீழே அண்ணன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அப்பா இருந்தவரை மாதாமாதம் வாடகை கொடுத்தார், அப்பா போனதும் அதை நிறுத்திவிட்டார்.

"நீங்க அலைய வேண்டாம், நான் பாத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, எல்.ஏ. (உயில் இல்லாத சொத்தை நிர்வகிக்க கோர்ட் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தன் பெயரில் மட்டும் எடுத்தார். இப்போது கடையைத் தன் கம்பெனிக்கே விற்கப் போகிறாராம். விலை போட்டவர் அவருக்குத் தெரிந்தவர். ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னால் "என்னை நம்பலையா?" என்று கோபம் வருகிறது. அடுத்த மாதம் பத்திரமாம். அம்மா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டதாக வேறு சொல்கிறார். என்ன செய்வது?

செங்காங்_மாமா

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேராக கேஸ் போட்டு ஆளைத் தூக்குங்கள். வாடகை கொடுக்காதவருக்கு நிர்வாகி பட்டம் ஒரு கேடா?

பழைய_கிளார்க்

மாமா, அவ்வளவு சுலபமில்லை. லாயர் ஆபீசில் இந்தக் கோப்புகளோடுதான் என் காலம் போனது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் கையெழுத்து. பெரும்பாலும் அது, நிர்வாகியாக இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்த தாளாகத்தான் இருக்கும். பங்கை விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். உயில் இல்லை என்றால் வாரிசுரிமைச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சரிசமமாக. அண்ணன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். எதற்கும் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். (முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ்தான்.)

அடுத்தது நீக்கம். புரோபேட் சட்டத்தின் (இறந்தவர் சொத்து நிர்வாகத்துக்கான சட்டம்) 32ஆம் பிரிவில், போதிய காரணம் இருந்தால் கொடுத்த எல்.ஏ.வை ரத்து செய்யலாம், திருத்தவும் செய்யலாம் என்று இருக்கிறது. ஆனால் நிர்வாகியும் வாரிசு, அவருக்கும் அந்தச் சொத்தில் லாபம் உண்டு என்பது மட்டும் போதாது. அப்படிப் பார்த்தால் சிங்கப்பூரில் பாதி நிர்வாகிகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் போதாது. 1884இலேயே, பிரிட்டிஷ் காலனிகளின் மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து போன ஒரு வழக்கில், பார்க்க வேண்டியது வாரிசுகளின் நலன்தான், வெறும் மனக்கசப்பு அல்ல என்று சொன்னது. இங்கேயும் அந்த வழியில்தான் பார்ப்பார்கள்.

உங்கள் விஷயம் அதைத் தாண்டிப் போகிறது. விற்பவர் அவர், வாங்குவதும் அவர் கம்பெனி, வாடகை பாக்கி வைத்தவரும் அவர், அதை வசூலிக்க வேண்டியவரும் அவரேதான். நிர்வாகி தனக்கே விற்றுக்கொள்ளக் கூடாது என்பது பழைய விதி, நடுவில் கம்பெனியை நிறுத்தினால் தப்பிவிட முடியாது. எல்லா வாரிசுகளும் முழு விவரமும் தெரிந்து சம்மதித்தாலோ, கோர்ட் அனுமதித்தாலோதான் அது நிற்கும். இல்லையென்றால் பிறகு வந்துகூட அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

சரி, ஒரு கேள்வி. வாரிசு நீங்கள் மூன்று பேர் மட்டும்தானா?

கிளமெண்டி_தங்கச்சி

சின்ன அண்ணன் ஒருவர் இருந்தார், அப்பாவுக்கு முன்பே தவறிவிட்டார். அண்ணி மகனோடு மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறார், பையனுக்கு 14 வயது. "மகனே போயிட்டான், பேரனுக்கு ஏது பங்கு" என்று அண்ணன் சொன்னதால் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பழைய_கிளார்க்

அம்மா! இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். 😀

அந்தப் பையனுக்குப் பங்கு உண்டு. இறந்த மகனின் பங்கு அவர் பிள்ளைக்கு அப்படியே இறங்கும். அதாவது அம்மாவுக்குப் பாதி, பெரிய அண்ணன், நீங்கள், அந்தப் பையன் மூவருக்கும் ஆறில் ஒன்று வீதம். ஈப்போவில் இருப்பதால் எதுவும் குறையாது.

இதைவிட முக்கியமானது, வயது வராத வாரிசு இருந்தால் குறைந்தது இரண்டு பேருக்கு, இல்லையென்றால் சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்கும் ஒரு டிரஸ்ட் நிறுவனத்துக்குத்தான் எல்.ஏ. கொடுக்க வேண்டும். புரோபேட் சட்டத்தின் 6ஆம் பிரிவு. உங்கள் அண்ணனுக்குத் தனியாகக் கிடைத்திருக்கிறது என்றால், மனுவில் கொடுத்த வாரிசு விவரத்தில் பையன் பெயர் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். விடுபட்டிருந்தால், கடை வாடகைச் சண்டையைவிட இதுதான் உங்கள் கையில் இருக்கும் பலமான காரணம். விற்பனைக்குச் சம்மதம் கொடுக்கும் வயதும் பையனுக்கு இல்லை, ஆகவே "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்று அண்ணன் சொல்லவே முடியாது.

ஆனால் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. நீக்க மனு முடிய நாளாகும், பத்திரமோ அடுத்த மாதம். லாயரிடம் முதலில் கேட்க வேண்டியது விற்பனையை நிறுத்த வழி. தீர்வு வரும்வரை விற்க மாட்டேன் என்று எழுத்தில் உறுதி கேட்டுக் கடிதம் போகட்டும். கொடுக்கவில்லை என்றால் கோர்ட்டில் தடை உத்தரவு. கூடவே கணக்கும் கேளுங்கள், எல்.ஏ. எடுக்கும்போது கணக்குக் காட்டுவேன் என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார்.

புக்கிட்_பாத்தோக்_கோமதி

எங்கள் குடும்பத்திலும் ஒன்று நடந்தது, அதை வைத்து ஒரு வார்த்தை. நீக்கு என்று மட்டும் போய் நிற்காதீர்கள், அவர் இடத்தில் யார் என்று கோர்ட் கேட்கும். எங்கள் லாயர் நீக்கச் சொல்லவில்லை, இரண்டாவது நிர்வாகியாக என்னைச் சேர்க்கச் சொன்னார். அப்புறம் இரண்டு கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரவில்லை. சித்தப்பா இப்போதும் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறார்.

செங்காங்_மாமா

நல்லாயிருக்கு. செலவு? சொத்துப் பணத்திலேயே அண்ணன் லாயர் வைத்துக்கொண்டால் இவர் எங்கே போவார்?

பழைய_கிளார்க்

நல்ல கேள்வி மாமா. சொத்து நிர்வாகத்துக்கான செலவைச் சொத்திலிருந்து எடுக்கலாம். தன் லாபத்துக்காகச் சண்டை போட்டால் கைக்காசிலிருந்து கட்டச் சொல்ல கோர்ட்டால் முடியும். சொத்து மதிப்பு 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் குடும்ப நீதிமன்றத்தில் இல்லை, உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவுக்குப் போகும். லிட்டில் இந்தியா கடைவீடு என்றால் தாண்டவும் கூடும், அதற்கேற்ப லாயர் கட்டணமும் ஏறும். தங்கச்சிக்கு வருமானம் குறைவு என்றால் லீகல் எய்ட் பியூரோவில் (அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம்) கேட்டுப் பார்க்கலாம், வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கிளமெண்டி_தங்கச்சி

லாயரைப் பார்த்துவிட்டேன். மனு நகல் வந்தது, தம்பி மகன் பெயர்… மன்னிக்கவும், சின்ன அண்ணன் மகன் பெயர் அதில் இல்லவே இல்லை. கடிதம் போனதும் அண்ணனின் லாயர், பத்திரத்தை நிறுத்தி வைப்பதாக எழுதியிருக்கிறார். என்னையும் நிர்வாகியாகச் சேர்த்தால் போதும் என்று அம்மா சொல்கிறார், அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்த மனம் வரவில்லை. அண்ணியிடம் நேற்று போனில் பேசினேன், அழுதுவிட்டார். ஒன்றே ஒன்று: இத்தனை மாத வாடகையைக் கேட்கலாமா, அல்லது விட்டுவிடவா?

பழைய_கிளார்க்

கேளுங்கள். அதில் ஆறில் ஒன்று அந்தப் பையனுடையது, நீங்களோ அம்மாவோ விட்டுக்கொடுக்க முடியாது. அக்கம்பக்கத்துக் கடைகளின் வாடகையைச் சுயேச்சையான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள், அண்ணன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.