புதுப்பிப்பு: பதினொரு கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் மிஞ்சியது ஒன்று, புதிதாக வந்தது ஒன்று

எங்கள் சிறிய பால் பதப்படுத்தும் கூடத்தின் ஹாசப் (HACCP, உணவில் வரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே கண்டு தடுக்கும் முறை) திட்டத்தில் 11 முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது ஆபத்தைத் தடுக்கக் கட்டாயம் கண்காணிக்க வேண்டிய படிகளை, குறித்துவிட்டு, சரியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரியில்லை. கை கழுவுவது, தொட்டி கழுவுவது போன்ற பத்தும் அடிப்படைச் சுகாதார நடைமுறைகளுக்குப் போய்விட்டன. பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் பாஸ்சரைசேஷன் மட்டும் நின்றது.

புதிதாகச் சேர்ந்தது, பால் வாங்கும்போதே செய்யும் ஆன்டிபயாடிக் எச்சச் சோதனை, அதாவது மாட்டுக்குக் கொடுத்த மருந்து பாலில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது. சூடாக்கினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது, பின்னால் வரும் எந்தப் படியும் அதை நீக்காது.

இன்னொரு கூத்து: வெப்ப உணரியைச் சூடேற்றியிலிருந்து பால் வெளிவரும் வாயிலேயே வைத்திருந்தோம். பால் 15 விநாடி தங்கிவரும் குழாயின் கடைசியில் அல்லவா 72 டிகிரி இருக்க வேண்டும்? உணரியை அங்கே மாற்றிய அன்றே 71.2 காட்டியது. 72-ஐ எட்டாததால் வால்வு பாலை மறுபடி சூடாக்கத் திருப்பி அனுப்ப, இயந்திரம் ஓட்டும் அண்ணன் என்னை முறைத்தார்.