காமராசர் கட்டுரைக்குச் சான்று தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தமிழ் விக்கிப்பீடியாவில் காமராசர் கட்டுரையில் ஒரு வரிக்காக இரண்டு வாரமாக இழுபறி. 'இந்தியாவிலேயே முதன்முதலில் மதிய உணவு தந்தவர்' என்று ஒருவர் எழுதுகிறார். அவர் தரும் சான்று, ஒரு கட்சி வெளியிட்ட சிறப்பு மலர். 1920லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவு தந்ததே! அதை மாநிலமெங்கும் கொண்டுபோனதுதான் காமராசரின் சாதனை. அப்படித் திருத்தினால் 'அவதூறு' என்று சொல்லிப் பழையபடியே மாற்றிவிடுகிறார். 1967 தேர்தலில் காமராசர் விருதுநகரில் தோற்ற செய்தியையும் நீக்கிவிட்டார். எனக்கும் காமராசர் மேல் பெரும் மரியாதை உண்டு; அதனால்தான் சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

1955-57 சட்டமன்ற விவாதக் குறிப்பு, அரசாணை, பழைய நாளிதழ் யாரிடமாவது இருக்கிறதா? தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (திருத்தங்களை விவாதிக்கும் பக்கம்) உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.