புதுப்பிப்பு: மழைக்குப் பின் உதறிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சரியாகிவிட்டது

ஐப்பசி மழையில் கும்பகோணம் அரசலாற்றுக் கரையில் ஓட்டியதிலிருந்து, நின்றபடி ஓட்டும் என் ஸ்கூட்டர் கிளம்பும்போது உதறுகிறது, காலால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கோளாறு பேட்டரியில் இல்லை, கன்ட்ரோலரிலும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இல்லை. ஹால் சென்சார் (சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும், மோட்டாருக்குள் இருக்கும் உணரி) பிளக்கைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. மோட்டாரிலிருந்து மூன்று தடித்த ஒயர்களோடு ஐந்து மெல்லிய ஒயர்களும் வரும். நிறங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட்; மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சக்கரத்தின் நிலையைச் சொல்பவை. சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரை வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்றும் 0-க்கும் ஏறக்குறைய 5-க்கும் மாறி மாறிக் காட்ட வேண்டும். என்னுடையதில் நீலம் அசையவே இல்லை. பிளக்கைப் பிரித்தால், பின்னில் பச்சைக் களிம்பு! பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு துலக்கி, நன்றாகக் காயவிட்டு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரம் புகாமல் தடுக்கும் கிரீஸ்) தடவினேன். உதறல் போயே போச்சு.

எதிர்பாராதது ஒன்று: தண்ணீர் மேல்மூடி வழியாக இறங்கவில்லை, மோட்டார் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. அதனால் ஒயரை நுழைகிற துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கும்படி வளைத்துக் கட்டியிருக்கிறேன். நீர் அங்கேயே சொட்டிவிடும். அப்புறம், கன்ட்ரோலரையே மாற்றச் சொன்ன கடைக்காரரிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.